குடற்புழுவைத் தாங்கும் செம்மறி: புனே ஆய்வும் தில்லியின் மானியக் கணக்கும்

புது தில்லி: ஆடு வாங்க மானியம் உண்டு. கோமாரிக்கு மத்திய அரசின் செலவில் தடுப்பூசி உண்டு. ஆனால், மழைக்காலந்தோறும் செம்மறிக் குட்டிகளை மெலிய வைத்துக் கொல்லும் குடற்புழுவுக்கு மேய்ப்பரின் கையில் இருப்பது மருந்துப் புட்டி மட்டுமே. அந்த மருந்தும் பல மந்தைகளில் வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

ஹீமாங்கஸ் என்னும் இரைப்பைப் புழு, நாளொன்றுக்கு 0.05 மில்லி அளவுக்கு ரத்தம் உறிஞ்சுகிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லி. கண்ணிமையின் உட்புறம் வெளிறி, தாடையின் கீழ் நீர்கோத்து, சில வாரங்களில் ஆடு விழுந்துவிடும். பெண் புழு நாள்தோறும் இடும் பல ஆயிரம் முட்டைகள் புழுக்கை வழியே புல்லுக்குச் சென்று, மீண்டும் ஆட்டின் வயிற்றுக்கே திரும்புகின்றன.

இதற்கென 1961-ல் வந்த தயாபெண்டசோல் அதிசய மருந்தாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் தென்பட்டன; இந்தியாவில் 1970-களில். அதன்பின் வந்த மருந்துகளுக்கும் இதே கதிதான். மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்பப் புகட்டுவது, தப்பிப் பிழைக்கும் புழுக்களை வளர்த்துவிடும் வழியாகவே அமைகிறது.

இந்தச் சூழலில்தான் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும், அருகில் சாத்தாரா மாவட்டத்துப் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1990-களின் பிற்பகுதியில் வேறொரு கேள்வியை எழுப்பின. புழுவைக் கொல்வதற்குப் பதில், புழுவைத் தாங்கும் ஆட்டைத் தேர்ந்தெடுத்தால் என்ன? செலவில் பெரும்பங்கை ஏற்றது ஆஸ்திரேலிய அரசின் சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையம் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு அவர்கள் நாடியது சுந்தரவனச் சதுப்பு நிலத்தின் கரோல் ஆட்டை. வளர்ந்த பெட்டையின் எடையே 12 முதல் 15 கிலோதான். ஆனால் ஈரநிலத்தில் மேய்ந்தே தழைத்த இனம். ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று குட்டி ஈனும். தக்காணி, பன்னூர் ஆடுகளுடன் கரோல் கிடாக்களைக் கலந்து பிறந்த குட்டிகளின் புழுக்கையில் புழு முட்டைகள் குறைவாகவே காணப்பட்டன என்பது 2003-ல் வெளியான முடிவு. கூடவே ஒரு குறையும் வெளிப்பட்டது. குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. எடை பார்த்து விலை பேசும் சந்தையில், சிறிய குட்டியை எந்த தன்கர் மேய்ப்பர் விரும்புவார்?

அதே கரோலின் இன்னொரு குணம் வேகமாகப் பரவியது. பல குட்டி ஈனச் செய்யும் 'பூருலா' மரபணு 2001-ல் அடையாளம் காணப்பட்டது. 1792-93-ல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கப்பலேறிய வங்காள ஆடுகள் மூலமே அது ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஒரே மரபணு என்பதால் ரத்தச் சோதனையில் கண்டுவிடலாம். அப்படி உருவான 'நாரி சுவர்ணா' ஆடுகள் மேய்ப்பர்களின் மந்தைகளில் இரட்டைக் குட்டிகளை ஈன்றன.

புழு எதிர்ப்பு அப்படிப்பட்டதன்று. அது பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கிடாக்களின் முட்டைக் கணக்கைக் குறித்து வைத்தால்தான் பிடிபடும். எடை கூட்டுவதற்காகத் தக்காணியுடன் மீண்டும் மீண்டும் கலக்கும்போது, அந்த எதிர்ப்பு நழுவிவிட வாய்ப்பு அதிகம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஈற்றை ஒட்டிய வாரங்களில் தாயின் எதிர்ப்பாற்றல் தளரும். இரட்டைக் குட்டிக்குப் பால் சுரக்கும் தாய்க்கு அந்தச் சுமை கூடுதல். ஈற்றைப் பெருக்கும் திட்டம் புழுவை மறந்தால் இழப்பு மேய்ப்பருக்கே.

தில்லியின் அணுகுமுறையோ எண்ணிக்கையைச் சுற்றியே வருகிறது. திருத்தப்பட்ட தேசிய கால்நடை இயக்கம் 2021-22 முதல் 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. நெருக்கி வளர்க்கும் மந்தையில் புழுவும் நெருங்கியே பரவும். மாநிலங்களும் விலக்கல்ல: தமிழகம் 2011-லும், தெலங்கானா 2017-லும் ஆடுகளை வழங்கின. இரண்டிலும் பேசப்பட்டது எத்தனை குடும்பத்துக்கு எத்தனை ஆடு என்பதே. எந்தக் கிடாவின் வாரிசு என்று கேட்டவர் அரிது.

ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையம் மால்புரா இனத்தில் புழு எதிர்ப்புத் தேர்வை நடத்தியுள்ளது. ஆனால், 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள 7.4 கோடி செம்மறிகளில் பெரும்பகுதி அரசுப் பண்ணைகளில் இல்லை. சாலையோரம் நடக்கும் கிடைகளில்தான் இருக்கின்றன. தமிழகத்தின் பங்கு 45 லட்சம், மகாராஷ்டிரத்தின் 27 லட்சத்தைவிட அதிகம். மேச்சேரியும் கீழக்கரிசலும் ராமநாதபுரம் வெள்ளையும் இதே புழுவோடுதான் மழைக்காலத்தைக் கடக்கின்றன.

இதற்குத் தேவை பெரிய தொழில்நுட்பம் அல்ல. புழு முட்டை எண்ண ஒரு நுண்ணோக்கி போதும். மத்திய அரசு கால்நடைகளுக்கு 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை மாட்டி வருகிறது. அந்த எண்ணோடு கிடாவின் முட்டைக் கணக்கையும் சேர்த்து எழுதினால், சந்தையில் எடையோடு அதற்கும் ஒரு விலை கிடைக்கக்கூடும்.