ஏழைக்குப் படிப்பு ஏறாதா?

ஏழைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடாமல் கூலிக்கு அனுப்புவதற்குக் காரணம் அறியாமை என்று சிலரும், தலைவிதி என்று சிலரும், "அந்த ஜனங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சிலரும் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குப் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பதும் இக்கனவான்களின் வேதவாக்கு. எதையும் பரீட்சித்துப் பாராமலே நம்மை நம்பச் சொல்லுவது இவர்கள் வழக்கம். ஆனால் மெக்சிகோ தேசத்தில் பரீட்சித்தே பார்த்துவிட்டார்கள்.

1997-ல் அந்நாட்டுச் சர்க்கார் "புரோகிரேசா" என்றொரு திட்டம் ஆரம்பித்தது. கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை பணம் கொடுப்பது. படிப்புக்காகக் கொடுக்கும் பணத்திற்கு, பிள்ளை நூற்றுக்கு 85 நாளாவது பள்ளிக்கு வந்திருக்க வேண்டுமென்பது நிபந்தனை. பணம் தாயின் கையில் கொடுக்கப்பட்டது. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது. ஏனெனில் வயது ஏறினால் பிள்ளையின் கூலியும் ஏறுமல்லவா? ஆறாம் வகுப்புக்கு மேல் ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளைக்கு அதிகம்; ஏனெனில் அவ்வகுப்புகளில் அதிகமாக நின்றுவிட்டவர்கள் பெண்களே.

இதன் பலனை அறிய 506 கிராமங்களை எடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, 320 கிராமங்களுக்கு முதலிலும், மீதி 186 கிராமங்களுக்குச் சுமார் ஒன்றரை வருஷம் கழித்தும் பணம் கொடுத்தார்கள். முன்பு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 67 பேர்தான் படித்தார்கள். பணம் வந்த கிராமங்களில் அதற்குமேல் 7 முதல் 9 பேர் வரை கூடினார்கள். ஆண்களிலும் 3 முதல் 6 பேர் வரை கூடினார்கள்.

நாம் கேட்கிறோம்: படிக்காததற்குக் காரணம் தலைவிதியானால், 320 கிராமங்களின் தலையெழுத்து மட்டும் சீட்டுக் குலுக்கிய அன்றைக்கா அழித்து எழுதப்பட்டது? பிறவிப் புத்தி காரணமானால், தாய் கையில் வந்த பணத்தால் பிறவி மாறிவிட்டதா? தடையாக இருந்தது வறுமை என்பதற்கு இனி வேறு சாட்சியம் எதற்கு?

குடி என்ற பூச்சாண்டியும் பொய்த்தது. பல தேசங்களில் இவ்விதப் பணம் கொடுத்ததைப் பற்றிய ஆராய்ச்சிகளை உலக பாங்கைச் சேர்ந்த இருவர் 2014-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு பொதுவாக அதிகமாகவில்லை என்றே கண்டார்கள்.

கும்பாபிஷேகத்திற்குப் பணம் கொட்டும்போது வாய் திறவாதவர், ஏழைத் தாய்க்குக் கொடுத்தால் மட்டும் "பிச்சை" என்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழை அப்பிள்ளையின் கூலியையே இழக்கிறான். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுசெய்வது பிச்சையாகுமா?

உள்ளதை மறைப்பது பகுத்தறிவாகாது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்களே தவிர, பரீட்சை மார்க்கு அதற்குத் தக்கபடி உயரவில்லை என்றும் கண்டார்கள். பணம் பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவரும். உள்ளே கற்பிக்க நல்ல உபாத்தியாயர் வேண்டும். அது பள்ளிக்கூடத்தின் குறையே ஒழிய, பிள்ளையின் குறையல்ல.

அத்திட்டம் 2002-லும் 2014-லும் பெயர் மாறி, 60 லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பயன்பட்டு, 2019-ல் நிறுத்தப்பட்டது. திட்டம் போனாலும் அது நிரூபித்த உண்மை போகவில்லை.

ஆதலால் தோழர்களே! இனி எவராவது "ஏழைக்குப் படிப்பு ஏறாது" என்றால், "எந்த ஊரில், எத்தனை பேரிடம் பரீட்சித்தீர்?" என்று கேளுங்கள். பதில் வராது.