கேஸ் என்னாச்சு?



பூட்டை உடைத்துத் திருடியதில் நகையைப் பறிகொடுத்த ஒரு குடும்பமாவது உங்கள் தெருவில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அவர்களிடம், "கேஸ் என்னாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "யாருக்குத் தெரியும்?" என்பார்கள். அந்தப் பதிலில் கோபம்கூட இருக்காது, அலுப்புதான் இருக்கும்.

நகை போனது ஒரு நஷ்டம். அதற்குப் பிறகு படும் பாடு தனி. புகார் கொடுக்கப் போனால் பல நேரம் கையில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதுதான். எஃப்ஐஆர் போடவைக்க மறுபடியும் நடக்க வேண்டும். இதற்குள் விசாரணை அதிகாரி மாறிவிடுவார். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிடிபட்டவன் பெயிலில் வந்து டீக்கடையில் நிற்கும்போதுதான், அவன் பிடிபட்ட செய்தியே நம் காதுக்கு வரும்!

வழக்கு கோர்ட்டுக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அங்கே வாதி அரசாங்கம். அடிபட்டவரும் பறிகொடுத்தவரும் வெறும் சாட்சிகள். சம்மன் வந்தால் லீவு போட்டு, பஸ் பிடித்துப் போக வேண்டும். போனால் வாய்தா. வராண்டாவில் நாலடி தள்ளி எதிரியின் ஆட்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். 'ஏன்தான் புகார் கொடுத்தோமோ' என்று வீட்டுக்கு வந்து புலம்பாதவர் யார்? அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு ஒன்று நடந்தால் ஸ்டேஷன் பக்கம் போவாரா?

இதெல்லாம் அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பை இந்தியாவில் வளர்த்ததில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. 1995-லேயே பாதிக்கப்பட்டோருக்கு உதவ தமிழக அரசு தனியாக ஒரு நிதியை ஏற்படுத்தியது. மத்திய அரசு அமைத்த மலிமத் கமிட்டி, வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் வேண்டும் என்று 2003-ல் அறிக்கை கொடுத்தது. 2009-ன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இழப்பீட்டுத் திட்டத்தையும், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமையையும் தந்தது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லவே நாக்கு தடுமாறும், அது போகட்டும். உள்ளே நம் வீட்டுக்குத் தேவையான சில விஷயங்கள் இருக்கின்றன.

எந்த ஸ்டேஷன் எல்லையில் குற்றம் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்ஐஆர் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 193-வது பிரிவு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் போலீஸ் சொல்லியாக வேண்டும். போனில் மெசேஜ் அனுப்பினால்கூடப் போதும்.

உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கிறது?

கேஸ் சிலிண்டர் புக் செய்தால், பில் போட்டது முதல் டெலிவரி வரை மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. எஃப்ஐஆர் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட காலத்தில், ஒரு வழக்கின் நிலவரத்தைச் சொல்ல என்ன தடை? வசதி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 'இது உன் வேலை' என்று யாரிடமும் கண்டிப்பாகச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, திருவிழா, தேர்தல் என்று ஒரு ஸ்டேஷனின் ஆள்பலம் நாலாபக்கமும் இழுபடுகிறது. ரைட்டர் ஒருவரே எல்லாப் பேப்பரையும் பார்க்கிறார். ஆனால் மேலே இருப்பவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அந்த வேலை மட்டும் எப்படியோ நடந்துவிடுகிறது. குற்ற ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை சவரன் மீட்டீர்கள் என்று கேட்கிறார்கள். எத்தனை பேருக்கு 90 நாளில் தகவல் சொன்னீர்கள் என்ற கேள்வியையும் எஸ்.பி. அங்கே கேட்கட்டும். அடுத்த மாதமே மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். பாதிக்கப்பட்டோருக்கான கொள்கை என்று தனியாக ஒரு பெரிய ஆவணம் எழுதுவதற்கு முன்னால் அரசு இதைச் செய்யலாம்.

மீட்ட நகையும் அப்படித்தான். பிரஸ் மீட்டில் மேஜைமேல் பரப்பி வைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தாலிச்செயின் கழுத்துக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகிறது? இப்படிப்பட்ட பொருள்களைத் தேவைக்கு மேல் முடக்கி வைக்கக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. படமும் வீடியோவும் எடுத்துப் பட்டியல் போட்ட பின், 30 நாளில் கோர்ட் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று புதிய சட்டமும் சொல்கிறது. கோர்ட்டில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்டேஷனிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன?

சரியாகச் செய்த சட்டங்களும் நம்மிடமே இருக்கின்றன. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ என்ற பிரிவு இருக்கிறது. எதிரியின் பெயில் மனு உட்பட எந்த விசாரணை நடந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும் என்கிறது அது. போக்சோ வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ், யூனிஃபார்மில் வரக் கூடாது. விசாரணையிலும் கோர்ட்டிலும் கூடவே இருக்க, குழந்தைக்கு ஒரு துணையாளை நியமிக்கவும் விதி உண்டு. எல்லா இடத்திலும் இவை ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி தெரிந்த பிறகு, வெட்டுப்பட்டவருக்கும் மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் அதே மரியாதையைத் தர ஏன் தயங்க வேண்டும்? பெயில் விசாரணை என்றைக்கு என்று சொல்வதால் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை எதுவும் குறைந்துவிடாதே.

இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டோருக்கான விதித்தொகுப்பில் 12 உரிமைகளை எளிய மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக அரசிடம் பேச ஒரு கமிஷனர் பதவியும் இருக்கிறது. அங்கும் வழக்குகள் தேங்கித்தான் கிடக்கின்றன. என்றாலும், யாரைக் கேட்பது என்றாவது மக்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதவி வந்தால் நான் வரவேற்பேன். காரும் அலுவலகமும் மட்டும் உள்ள இன்னொரு வாரியமாக அது ஆகிவிடக் கூடாது.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், பாதிப்புக்கும் மறுவாழ்வுக்கும் இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைத்தால் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். ஆன்லைனில் பணம் போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இனி புகார் கொடுக்கப் போனால் எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே வீட்டுக் காலண்டரில் 90-வது நாளைக் குறித்து வையுங்கள். அந்த நாள் வந்தும் தகவல் இல்லையென்றால், ஸ்டேஷனுக்கு எழுத்தில் கேட்டு, அதன் நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்