அரக்கன் செய்த குற்றம் என்ன?

கீரமங்கலத்து மெய்நின்றநாதர் கோயிலுக்குச் செல்வோர் அங்கோர் காட்சியைக் காண்பர். வானளாவ நிற்கிறது சிவன் சிலை. எதிரே நிற்கிறார் நக்கீரர். திருவிளையாடற் கதையை நம்புகிறவர்கள் அல்லர் நாம். ஆயினும் அக்கதையில் ஒரு நீதி உண்டு. பாட்டைப் புனைந்தவன் யார் என்று நக்கீரர் கேட்டாரில்லை. பாட்டிலே பிழை உண்டா என்றே கேட்டார். ஆண்டவனே எதிரில் வந்து நின்றபோதும் பிழையைப் பிழை என்றே சாதித்தார்.

இதற்கு நேர்மாறான நீதியை ஒரு விளையாட்டு போதித்து வந்திருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரராக, மாயக்காரராக வேடம் ஏற்றுப் பகடை உருட்டுவர். கற்பனைக்கு நல்ல விருந்து. அதைக் குறை கூறோம். நம் நகரத்து இளைஞர் சிலரும் விரும்பி ஆடுகின்றனர்.

நாம் எதிர்ப்பது அதன் விதிநூலில் ஏறிய ஒரு முத்திரையை. நன்மை, தீமை என ஓர் அளவுகோல். ஒழுங்கு, குழப்பம் என மற்றோர் அளவுகோல். இரண்டையும் பெருக்கி ஒன்பது கட்டங்கள். ஆடுகிறவர் தம் வீரனுக்குரிய கட்டத்தைத் தாமே தெரிந்தெடுக்கலாம். 'ஓர்க்' என்னும் கூட்டத்தாருக்கோ அந்த உரிமை அன்று இருக்கவில்லை. தீயோர் என்று முன்கூட்டியே அச்சிட்டு வைத்தார்கள். 1977-இல் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற பட்டியலைப் புரட்டினால், யார் நிற்கிறார் தெரியுமா, தோழர்களே? நம் புராணிகர்கள் ஏசி ஏசிச் சலித்த அதே ராட்சசன்! புலித்தலை ஒட்டி, 'ஒழுங்குடைய தீயவன்' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். வேள்வியைத் தடுத்தவனை அரக்கன் என்ற வாய், அரக்கனாகையால் கொல்லலாம் என்றும் சொன்னதே. அந்தப் பழைய வாய்தான் கடல் கடந்து விதிநூலாகியிருக்கிறது.

"விளையாட்டுத்தானே, இதற்கேன் இத்தனை சினம்?" என்பர். விளையாட்டல்லாத இடத்திலும் இந்த முத்திரை விழுந்ததே! 1871-இல் வெள்ளை அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடினாயா என்று கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தாய் என்று கேட்டது. பிறமலைக் கள்ளர் கைநாட்டுப் பதிய வேண்டும். இரவில் ஊரில் தங்கியிருப்பதைக் காவலரிடம் மெய்ப்பிக்க வேண்டும். மக்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயரிட்டனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டார். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. தொட்டிற் குழந்தையையும் குற்றவாளிப் பட்டியலில் வைத்துப் பார்த்த அந்தப் பார்வைக்கும், ஓர்க் குழந்தையைத் தீயது என்னும் விதிக்கும் வேறுபாடு என்ன? ஒன்றில் ஓடியது குருதி, மற்றதில் உருள்வது பகடை; அந்த வேறுபாடு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் விசாரணையின்றிக் கொல்லலாம் என்னும் பழக்கம் உள்ளத்தில் ஊறுவது இரண்டிலும் ஒன்றே.

பகைவன் இல்லாமல் கதை ஏது என்பர் சிலர். இருக்கட்டும் பகைவன்! ஊரைக் கொளுத்தியவன், உழவன் விளைச்சலைப் பறித்தவன், அடிமை விற்றவன், எத்தனை பேர் வேண்டும்? அவனுக்குச் செயல் இருக்கட்டும், காரணம் இருக்கட்டும். அவன் கூட்டத்தில் அவனை எதிர்ப்பவனும் ஒருவன் இருக்கட்டும். கதை அப்போதுதான் சுவைக்கும்.

வெளியீட்டாருக்கும் இது உறைக்காமலில்லை. 2020-இல், ஓர்க் முதலியோரைப் பிறவித் தீயோராகக் காட்டியதைத் திருத்துவதாக அறிவித்தனர். 2024 நூலில் 'இனம்' என்ற சொல் போய் 'உயிர்வகை' என்ற சொல் வந்தது. வரவேற்கிறோம், ஆனால் பெயர்ப்பலகை மாறினால் போதாது. கதை நடத்துவோர் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகையோடு ராட்சசனின் பெயரருகே அந்தப் பழைய குறிப்பு இன்னும் நிற்கிறது. அவ்விளையாட்டை ஆடும் தோழர்கள் நூல் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மேசையில் ஓர் ஓர்க் சிற்றூர் வந்தால், வாளை உருவுமுன் கதை நடத்துவோரைக் கேளுங்கள்: இவர்கள் செய்தது என்ன?