பொலிஸாருக்குக் கற்பிப்பவர்களுக்குக் கற்பித்தது யார்?

பொலிஸ் காவலில் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி வெளியாகின்ற ஒவ்வொரு தடவையும் எமது நாட்டில் ஒரே சடங்கு நடந்தேறுகிறது. சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்கள் இடமாற்றம் செய்யப்படுவார்கள் அல்லது பணியில் இருந்து இடைநிறுத்தப்படுவார்கள். விசாரணைக்கென்று விசேட குழுவொன்று நியமிக்கப்படும். ஒரு சிலரின் தவறுக்காக முழுப் பொலிஸ் திணைக்களத்தையும் குறைகூறலாகாது என்று பொறுப்பான அமைச்சர் அறிக்கை விடுவார். ஆசிரிய தலையங்கங்கள் எழுதப்படும். சில வாரங்களில் வேறொரு பரபரப்பு வந்து அதை மூடிவிடும். நீண்டகாலப் பத்திரிகை வாழ்வில் இத்தகைய செய்திகள் பலவற்றைச் செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில், இந்தச் சடங்கில் எவருமே கேட்காத கேள்வி ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த உத்தியோகத்தர்களுக்குப் பொலிஸ் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? கற்றுக்கொடுக்கும் தகுதி அவர்களுக்கு எவ்வாறு வந்தது?

பொலிஸ் சீர்திருத்தம் பற்றி எமது நாட்டில் பேசப்படாமல் இல்லை. 1946 இல் சொய்ட்ஸ் ஆணைக்குழுவும் 1970 இல் பஸ்நாயக்க ஆணைக்குழுவும் பொலிஸ் சேவையை ஆராய்ந்தன. 2001 இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்புக்கான 17 ஆவது திருத்தம் சுயாதீனமான தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் பல்லைத் திரும்பக் கொடுத்தது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் பிடுங்க, 2022 இல் 21 ஆவது திருத்தம் மறுபடியும் கொடுத்தது. நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு ஆகியவற்றை யார் தீர்மானிப்பது என்பதைச் சுற்றியே இந்த இழுபறி அனைத்தும் நடந்தது. பயிற்சிக் கல்லூரியின் வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவரைப் பற்றி இந்த வாதப்பிரதிவாதங்களில் ஒரு சொல்லைத்தானும் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

எமது பொலிஸ் சேவை இன்னமும் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் மீதே நிற்கிறது. பொலிஸாருக்குப் பயிற்சி அளிப்பவர் எத்தகைய தகைமையுடையவராக இருக்கவேண்டும் என்று விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் கூறவேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால், அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் அதிகமான காலம் கடந்துவிட்டது. எமது நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க விரும்புபவர் தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சியை முடிக்கவேண்டும். சீருடையும் துப்பாக்கியும் ஒருவரைக் கைதுசெய்யும் அதிகாரமும் பெறப்போகின்ற இளைஞனுக்குக் கற்பிப்பவரிடம் குறைந்தபட்சம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது சட்டத்தில் எழுதப்படவில்லை. பதவிநிலையும் சேவைக்காலமும் இருந்தால் கற்பிக்கும் ஆற்றலும் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் காலம் ஓடுகிறது.

இது வெறும் நிருவாகப் பிரச்சினை அல்ல. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1994 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. ஒருவரைக் காவலில் வைத்திருப்பவர்களுக்கும் விசாரிப்பவர்களுக்கும் அளிக்கப்படும் பயிற்சியில் சித்திரவதைத் தடை பற்றிய போதனை முழுமையாக இடம்பெறவேண்டும் என்று அச்சமவாயத்தின் 10 ஆவது உறுப்புரை கூறுகிறது. அதே வருடம் நிறைவேற்றப்பட்ட 22 ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைக் குறைந்தது ஏழு வருடச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பாடத்திட்டத்தில் மனித உரிமைகள் என்ற தலைப்பும் சேர்க்கப்பட்டது. ஆனால், வாக்குமூலத்தை அடித்துப் பெறுவதே விசாரணை என்று நம்பி முப்பது வருடம் கடமையாற்றிய ஒருவர், மாலை நேர வகுப்பில் அந்தத் தலைப்பை வாசித்துக் காட்டினால் மாணவன் எதைக் கற்பான்? புத்தகத்தை அல்ல, வாசிப்பவரின் முகத்தைத்தான் அவன் கற்பான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வாக்குமூலம் பற்றிய இந்த மனோபாவத்துக்கு அரசும் உரமிட்டது என்பதை மறந்துவிடக்கூடாது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதல்ல என்பது எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றுக்கொள்ள வழிவிட்டது. தடயங்களைத் தேடி அலையவேண்டிய தேவையில்லாமலே வழக்கை முடிக்கலாம் என்று ஒரு தலைமுறைப் பொலிஸாருக்குக் காட்டிக்கொடுத்த பாடம் அது. அந்தத் தலைமுறையினரே அடுத்த தலைமுறைக்கு ஆசான்களாகவும் ஆனார்கள்.

யார் கற்பிக்கிறார் என்பது எவ்வளவு பாரதூரமான விடயம் என்பதைத் தமிழர்களைப் போன்று அனுபவித்து அறிந்தவர்கள் குறைவு. 1980 களில் விசேட அதிரடிப்படை உருவாக்கப்பட்டபோது, அதற்குப் பயிற்சி அளிப்பதற்குப் பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்து விலகியவர்களைக் கொண்ட கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம் 1984 இல் அமர்த்தப்பட்டது. பொலிஸ் திணைக்களத்தின் ஓர் அங்கத்துக்குக் கூலிப்படையினர் ஆசிரியர்களானார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலையில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பயிற்சியின் பெறுபேற்றைப் பற்றி எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தினர் மீதான போர்க்குற்றக் குற்றச்சாட்டுகள் குறித்து இலண்டன் பெருநகரப் பொலிஸார் விசாரணையை ஆரம்பித்தது 2020 இல்தான். ஆசிரியரைப் பற்றிய கேள்வி முப்பத்தாறு வருடங்கள் தாமதித்தே வந்தது.

பின்னைய வருடங்களில் ஸ்கொட்லாந்துப் பொலிஸார் இலங்கைப் பொலிஸாருக்குப் பயிற்சியளித்து வந்தனர். கூலிப்படையினரோடு அவர்களை ஒப்பிடுவது தவறு. அவர்கள் முறையான பயிற்றுநர்கள். ஆயினும், மனித உரிமை அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, 2022 மார்ச்சில் முடிவடையவிருந்த அந்த ஏற்பாட்டைப் புதுப்பிப்பதில்லை என்று 2021 நவம்பரில் அவர்கள் அறிவித்தனர். வெளிநாட்டில் இருந்து வந்த நல்ல ஆசிரியர் ஊர் திரும்பிய பின்னர், பொலிஸ் நிலையத்தில் இளம் உத்தியோகத்தர் அன்றாடம் காண்பது உள்ளூர் ஆசானைத்தான் என்ற உண்மையே இதில் எமக்கு உரிய பாடம்.

வகுப்பறைக்கு வெளியே நடக்கும் கற்பித்தலின் வலிமையை உலகம் முழுவதும் கண்ட நாள் 2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்டின் கழுத்தின் மீது முழங்காலை அழுத்திய டெரெக் சோவின், 19 வருட சேவை அனுபவம் கொண்டவர் மாத்திரமல்ல, புதியவர்களுக்குக் களப்பயிற்சி அளிக்கும் அதிகாரியும் கூட. அவ்விடத்தில் நின்ற வேறு இருவர் பணியில் சேர்ந்து சில நாட்களே ஆன இளைஞர்கள். அவர்களில் ஒருவர் சோவினிடமே பயிற்சி பெற்றவர். மற்றவர், ஃபுளொய்டைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்கலாமா என்று இரு தடவைகள் கேட்டார். வேண்டாம் என்பதே மூத்தவரின் முடிவு. அதை மீறும் துணிவு அந்த இளைஞர்களுக்கு இருக்கவில்லை. இருவரும் 2022 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒரு தவறான ஆசானைத் தெரிவுசெய்த நிருவாகத்துக்காகத் தண்டனை அனுபவித்தவர்களில் மாணவர்களும் அடங்குவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

எமது நாட்டுக்குத் திரும்புவோம். ஆளை மாறிக் கைதுசெய்யப்பட்டு வத்தளைப் பொலிஸாரால் 2002 இல் சித்திரவதை செய்யப்பட்ட ஜெரால்ட் பெரேராவின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2003 இல் வழங்கிய தீர்ப்பு ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தது. இத்தகைய மீறல்களைத் தடுப்பதற்குப் பயனுள்ள பணிப்புரைகளை வழங்க பொலிஸ் தலைமை நீண்டகாலமாகத் தவறினால், அதை மீறல்களுக்கான மௌன சம்மதமாகக் கருத இடமுண்டு என்பதே அது. பெரேரா 2004 நவம்பரில், சாட்சியமளிப்பதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், சுட்டுக் கொல்லப்பட்டார். இரு தசாப்தங்கள் கழிந்தன. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த மாதமே, முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்ட வழக்கில், அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன் அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதியுயர் பதவிக்கே தடையாகக் கொள்ளப்படாத சேவையில், பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பப்படும் சார்ஜன்டின் கடந்தகாலத்தை யார் துருவிப் பார்க்கப் போகிறார்கள்?

பாதிக்கப்பட்டவர்களில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கின்றனர். எனவே, இதை இனப்பிரச்சினையின் ஓர் உட்பிரிவாக மாத்திரம் சுருக்கிவிட முடியாது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் சொல்லி வளர்ந்த சமூகம் எம்முடையதும்தான். திருடன் என்று பிடிக்கப்பட்டவனைப் பொலிஸார் 'நன்றாகக் கவனிக்கவேண்டும்' என்று விரும்புகிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், மாத்தறையிலும் இருக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைகின்ற இளைஞன் அந்த மனோபாவத்துடன்தான் வருகிறான். அதை மாற்றி அனுப்பவேண்டியதே ஆசிரியரின் வேலை. அவரும் அதே மனோபாவத்தைக் கொண்டவராயின் பயிற்சி என்பது அதற்குப் பூசப்படும் மெருகு மாத்திரமே.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கலிபோர்னியா மாநிலத்தில் பொலிஸ் தராதரங்களை வகுப்பதற்கென 1959 இல் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகம், வாகனம் செலுத்துதல், கைதுசெய்து கட்டுப்படுத்துதல் போன்ற ஆபத்தான பாடங்களைக் கற்பிப்பவர்கள் முதலில் அதற்கென்றே வகுக்கப்பட்ட பயிற்சியை முடிக்கவேண்டும் என்று அதன் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. இனப்பிளவால் நொந்த எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வட அயர்லாந்து. கிறிஸ் பற்றன் தலைமையிலான ஆணைக்குழு 1999 செப்டெம்பரில் சமர்ப்பித்த 175 விதப்புரைகளில், பயிற்சியின் இயன்றளவு பகுதியைச் சிவிலியன் போதனாசிரியர்களே நடத்தவேண்டும் என்பதும் ஒன்று. அணிவகுப்பு நேரத்தைக் குறைக்கவும் மனித உரிமைகளைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் பயிற்சி முழுவதிலும் கலக்கவும் அந்த அறிக்கை கேட்டது. அது கேட்ட புதிய கல்லூரிக் கட்டடம் திட்டமிட்டவாறு எழவில்லை. பழைய வளாகத்திலேயே பயிற்சி தொடர்ந்தது. ஆனால், அதற்காகச் சீர்திருத்தம் நின்றுவிடவில்லை. கட்டடம் திறப்பதையே சீர்திருத்தம் என்று கருதுகின்ற எமது அரசியல்வாதிகள் இதைக் கவனிப்பது நல்லது.

எமது நாட்டில் குறைந்தபட்சமாக எவை வேண்டும்? சித்திரவதைக்காக உயர் நீதிமன்றத்தினால் பொறுப்பாளியாகக் காணப்பட்ட எவரும் பயிற்சிக் கல்லூரியிலோ பொலிஸ் நிலையத்திலோ புதியவர்களுக்குக் கற்பிக்க அனுமதிக்கப்படலாகாது. கற்பிக்க வருபவர் கற்பித்தல் முறையில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியொன்றைப் பெற்றிருக்கவேண்டும், குறித்த கால இடைவெளியில் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். குற்ற விசாரணையைக் கற்பிப்பவர் ஒப்புதல் வாக்குமூலத்தில் தங்கியிராமல் வழக்குகளை நிரூபித்தவராக இருக்கவேண்டும். சட்டத்தைச் சட்டத்தரணிகளும், காயங்களையும் மரணங்களையும் பற்றிய பாடத்தைச் சட்ட வைத்திய அதிகாரிகளும் கற்பிக்கவேண்டும்.

மொழி இன்னொரு தகைமை. தமிழில் நான் கூறிய முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கையொப்பமிடுமாறு பொலிஸ் நிலையம் ஒன்றில் கேட்கப்பட்ட அனுபவம் எனக்கும் உண்டு. நான் மறுத்தேன். பத்திரிகையாளன் என்பதால் மறுக்க முடிந்தது. சாதாரண மனிதனுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் நாள் முழுவதும் தமிழ் பேசக்கூடிய உத்தியோகத்தர்கள் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் விதந்துரைத்தது. இரு மொழிகளிலும் கற்பிக்கக்கூடிய போதனாசிரியர்கள் இல்லாமல் அத்தகைய உத்தியோகத்தர்கள் எங்கிருந்து வருவார்கள்?

அனுபவசாலிகளை ஒதுக்கிவிட்டுப் புத்தகம் படித்தவர்களைக் கொண்டு பொலிஸாரை உருவாக்க முடியாது என்று மூத்த அதிகாரிகள் சிலர் வாதிடக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கலகக் கும்பலின் முன்னால் நின்றிராத ஒருவரால் அங்கு நிற்பது எப்படி என்று கற்பிக்க முடியாது. அனுபவம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. எந்த அனுபவம் என்பதே கேள்வி. தகைமையை உயர்த்தினால் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பலமான ஆட்சேபம். அதற்குரிய பதில், கல்லூரியில் கற்பிக்கும் காலத்தைப் பதவி உயர்வுக்கான தகைமையாக ஆக்குவதும் அதற்கென்று படி கொடுப்பதுமே. கற்பிக்க அனுப்பப்படுவது கௌரவமாக இருந்தால் திறமைசாலிகள் வருவார்கள். ஒதுக்கிவைப்பதாக இருந்தால் ஒதுக்கப்பட்டவர்களே வருவார்கள்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பொலிஸ் சேவைக்கான ஆட்சேர்ப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கான திட்டங்களை வகுக்கும் பொறுப்பை அரசியலமைப்பே தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. இடமாற்றங்களிலும் மேன்முறையீடுகளிலும் மூழ்கிக்கிடக்கும் அந்த ஆணைக்குழு, போதனாசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகைமைகளை வகுத்து மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அது வெளியிடும் வரை பிரஜைகள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கிறது. பொலிஸ் பயிற்சி நிலையங்களில் கற்பிப்பவர்கள் எந்த அடிப்படையில் தெரிவுசெய்யப்படுகிறார்கள், அவர்களது ஒழுக்காற்று வரலாறு பரிசீலிக்கப்படுகிறதா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் அனுப்புவதற்கு ஒரு தாளும் முத்திரையும் போதும். இளம் பத்திரிகையாளர்கள் எவராவது அதைச் செய்து, கிடைக்கும் பதிலைப் பிரசுரிப்பார்களேயானால், காவலில் நிகழும் அடுத்த மரணத்தைப் பற்றிய தலையங்கத்தை விட அது பயனுள்ளதாக இருக்கும்.