பத்திகளுக்கு இடையில் தவறிய செய்தி

நாளிதழ் ஒரு நாளை அரசியல், தொழில்நுட்பம், பண்பாடு எனப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தருகிறது. நாமும் அப்படியே படித்துப் பழகிவிட்டோம். இப்பிரிவினை எவ்வளவு பொய்யானது என்பதை உணர உதகையின் இந்து நகர் ஒன்றே போதும்.

1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியைத் துவக்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் வணிகப் பெயரே 'இந்து'. ஃபிலிமையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அன்றைய அரசின் முடிவு, அது அரசியல். இருளில் நின்று வெள்ளியுப்புக் குழம்பைப் படலமாகப் பூசியது தொழில்நுட்பம். அதில் பதிந்த நம் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் திருமணப் படங்கள் பண்பாடு.

"டிஜிட்டல் வந்தது, ஆலை போயிற்று" என்று இன்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நாம் இதை ஏற்பதற்கில்லை. ஆலை நலிவுற்றது 1990களின் நடுவில். அப்போது டிஜிட்டல் கேமராவை நம்மில் எத்தனை பேர் கண்டிருந்தோம்? அமெரிக்கக் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது 2012இல்தான். 1991க்குப் பிந்தைய இறக்குமதிக் கொள்கையும் கடன் சுமையும் செய்த வேலையைக் காலத்தின் தலையில் கட்டுவது, முடிவெடுத்தவர்களுக்கு வசதியானது.

அங்கு வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவிலுள்ளதைக் கேட்டு எழுதிவைப்பது, கதையும் கட்டுரையும் எழுதுகிற நம் கடமை. நாளிதழில் அதற்குப் பக்கம் இல்லை.