ரிங்கிட்டுக்கு வேலி, குடியிருப்பவனுக்குச் சந்தை!



முதலாளித்துவமா, அரசாங்கக் கட்டுப்பாடா என்ற விவாதம் பல்கலைக்கழக மண்டபங்களில் நடக்கட்டும். பினாங்கு சூலியா தெருவில் நமக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். பணத்துக்கு ஆபத்து என்றால் அரசாங்கம் ஓடி வரும். நமக்கு ஆபத்து என்றால் சந்தையைக் கைகாட்டும். இதுதான் நம்மை ஆளும் பொருளாதார முறை!

சான்று வேண்டுமா?

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. சூலியா தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய பழைய கடைவீடுகள்தாம். கீழே கடை, மேலே குடும்பம் என்று தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. 1997இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து வீட்டுக்காரர் கேட்டதே வாடகை!

அதே 1997 செப்டம்பரில், ஹாங்காங்கில் உலக வங்கியும் அனைத்துலக நாணய நிதியமும் கூடிய மாநாட்டில் பிரதமர் மகாதீர் என்ன பேசினார்? நாணயச் சூதாட்டம் தேவையற்றது, ஒழுக்கக்கேடானது என்றார். 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு வந்தது. ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பு நிறுத்தப்பட்டது. 2005 ஜூலை வரை அது நீடித்தது. வங்கிகளின் வாராக்கடனை வாங்கிக்கொள்ள தானாஹர்த்தா என்ற அரசாங்க நிறுவனமும் பிறந்தது.

அந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லவில்லை. ஊக வணிகர்களிடமிருந்து நாட்டைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. ஆனால் ரிங்கிட்டைச் சந்தையின் கையில் விடக்கூடாது என்று தெரிந்த அரசாங்கம், பதினாறே மாதங்களில் சூலியா தெருக் குடும்பத்தை அதே சந்தையின் கையில் விட்டது ஏன்?

பழைய வாடகையில் கூரை மாற்றக்கூட முடியவில்லை என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. அதற்கு மருந்து படிப்படியான வாடகை உயர்வு, பழுதுபார்க்க மானியம், ஏழைகளுக்கு மாற்று வீடு. வங்கிக்குக் கைகொடுக்க வழி தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

இது நமக்குப் புதிதல்ல. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கைத் தீர்வையில்லாத் துறைமுகமாக்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதன் வாணிபத்தை வளர்த்தார்கள். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சாட்சி. 1929க்குப் பிறகு உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நாடுகளின் பொருளாதாரம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தை நம் பாட்டனார்கள் பசியோடு படித்தார்கள்!

1969இல் பினாங்குத் தீவின் தீர்வை விலக்கு பறிபோனது. சின்ன வணிகன் அடிபட்டான். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டையில் பன்னாட்டு நிறுவனங்களுக்குத் தீர்வை விலக்கு கிடைத்தது. வேலை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சலுகை யாருக்குப் போனது என்பதைக் கவனியுங்கள்.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பல இன மக்கள் கூடி வாழ்ந்த பண்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு வெளிநாட்டுப் பணம் வந்து கடைவீடுகளை வரிசை வரிசையாக வாங்கியது. சுவருக்குப் பாதுகாப்பு உண்டு. சுவருக்குள் வாழ்ந்தவனுக்கு?

இதை யாரிடம் கேட்பது? கடைவீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற அனுமதிப்பது மாநகராண்மைக் கழகம். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. அன்றிலிருந்து உறுப்பினர்கள் நியமனம்தான். தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாக்குச்சீட்டும் இல்லை, வாடகைப் பாதுகாப்பும் இல்லை!

பாதிக்கப்பட்டவர்கள் தமிழர்கள் மட்டுமல்ல. சீனக் குடும்பங்களும் வெளியேறின. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்போம் என்று முதல் நோக்கமாகவே எழுதியது. அந்த வாக்கைத்தான் கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். ஊராட்சித் தேர்தல். மூன்றாவது நம்மவர்களிடமே: வக்ஃபு, கோயில் சொத்துகளை நிர்வகிப்போர், அங்கே வாழும் குடும்பங்களை விரட்டி இலாபம் பார்க்கக்கூடாது. அறத்துக்காக எழுதிவைத்த சொத்து அது!

சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, முத்திரைத் தீர்வை கட்டுங்கள். ரசீதுகளை எறியாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2)ஐ நினைவில் வையுங்கள். வாடகைக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் அங்கே இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமல் உங்களை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. பூட்டை மாற்றினாலும் மின்சாரத்தை வெட்டினாலும் அஞ்சாதீர்கள். அன்றே வழக்கறிஞரிடம் போங்கள். அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள்.