கைதியின் கணக்கும் நம் மேடைகளும்

மேலை நாடுகளின் ஒழுக்கக் கேட்டைச் சாடுவதற்கு நம் மேடைப் பேச்சாளர்கள் எடுத்தாளும் புள்ளிவிவரங்களுள் ஒன்று இவ்வாறு அமைகிறது: அமெரிக்காவில் கைது செய்யப்படுவோரில் பத்துக்கு எட்டுப் பேர் போதையில் குற்றம் புரிந்தவர்கள். கேட்போர் "நஊது பில்லாஹ்" என்பர். பேச்சாளர் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவார். இக்கூற்றில் எண் ஓரளவு உண்மை. எண்ணின் மீது ஏற்றப்பட்ட பொருள் உண்மையன்று. உண்மையல்லாததை மிம்பரின் மீது ஏற்றி, அதற்கு மார்க்கத்தின் கண்ணியத்தையும் போர்த்துவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆகவே அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1980-களின் நடுவில் நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் கைதானோரிடம் சிறுநீர் பெற்றுச் சோதித்தனர். 1984-இல் கோக்கேன் கலந்திருந்தது பத்தில் நால்வரிடம். 1986-இல் அது பத்தில் எண்மராயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் அடித்தட்டில் நிகழ்ந்துவிட்ட இந்த மாற்றத்தை வீடுவீடாகச் சென்று கேட்கும் கணக்கெடுப்புகளில் காண்பது அரிது. காரணம் வெளிப்படை. வீட்டில் இருப்பவனைத்தான் வீட்டில் சந்திக்க முடியும். தெருவில் உறங்குபவனும் சிறைக்கும் தெருவுக்குமாக அலைபவனும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதனை உணர்ந்த அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 1987-இல் பல நகரங்களில் இத்தகைய சோதனையைத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குப் பின் அதே திட்டம் சீரமைக்கப்பட்டு 'ஆடம்' என்ற சுருக்கப் பெயர் பெற்றது.

அது நடந்த முறை கவனிக்கத் தக்கது. கைதான 48 மணி நேரத்திற்குள் பயிற்சி பெற்ற ஒருவர் கைதியை அணுகுவார். அவர் காவலர் அல்லர். விருப்பமிருந்தால் பேசலாம், இல்லையேல் மறுக்கலாம் என்று சொல்லப்படும். பேசியவரிடம் சிறுநீர் கேட்கப்படும், அதையும் மறுக்கலாம். தந்த குப்பியில் பெயர் இராது. முடிவு காவலருக்கும் போகாது, வழக்குரைஞருக்கும் போகாது, நீதிபதிக்கும் போகாது. பெரும்பாலோர் இசைந்தனர். கஞ்சாவை உட்கொண்டதை வாயால் ஒப்புக்கொண்டோர் பலர். கோக்கேனை மறைத்தோரும் பலர். நாவு மறைத்ததைக் குப்பி சொல்லிற்று. ஆனால் சொன்னவன் இன்னான் என்பதை அது எவருக்கும் சொல்லவில்லை. இத்திட்டத்தின் சிறப்பு முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பத்து வகைப் போதைப் பொருள்களில் ஒன்றேனும் கண்டறியப்பட்டோர் அட்லாண்டாவில் நூற்றுக்கு 63 பேர். சிகாகோவிலும் சாக்ரமெண்டோவிலும் நூற்றுக்கு 83 பேர். ஆகவே "பத்துக்கு எட்டு" என்பது இட்டுக்கட்டியதன்று. ஆயினும், கஞ்சாவின் தடயம் சிலரது சிறுநீரில் பல வாரங்கள் தங்கிவிடும் என்பதையும், கோக்கேன் இரண்டு மூன்று நாள்களில் மறைந்துவிடும் என்பதையும் நம் பேச்சாளர்கள் அறிவார்களா? மூன்று வாரங்களுக்கு முன் கஞ்சா புகைத்தவன் நேற்று அபராதம் செலுத்தத் தவறியதற்காகப் பிடிக்கப்பட்டால் அவனும் இந்த எண்ணில் ஒருவன். அவன் போதையில் குற்றம் புரிந்தவன் என்று எந்தச் சான்றைக் கொண்டு கூறுகின்றனர்? போகட்டும், கைதானவன் குற்றவாளி என்று எவர் தீர்ப்பளித்தார்? காவலர் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகின்றனரோ அந்தத் தெருவினரே அதிகம் கைதாவர். அமெரிக்காவில் அது பெரும்பாலும் கறுப்பின ஏழைகளின் தெரு. கைதானோரின் கணக்கை ஒரு தேசத்தின் கணக்காகப் படிப்பவர், மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணிவிட்டு ஊர் முழுவதும் நோயாளிகள் என்று அறிவிப்பவரைப் போன்றவர்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று என்பதுதான் வேதனை. மதுவின் வாடை ஒருவனது வாயில் வீசினால், அதைக் கொண்டு மட்டுமே அவனுக்கு ஹத்துத் தண்டனை விதிக்கலாமா என்ற வினாவை நம் ஃபுகஹாக்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் எழுப்பினர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழியினர் வாடையைச் சான்றாக ஏற்றனர். நம் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளோ வாடை மட்டும் போதாது என்றன. ஏன்? அவன் கட்டாயப்படுத்தப்பட்டுக் குடித்திருக்கலாம். இன்னதென்று அறியாமல் குடித்திருக்கலாம். வாயில் வைத்து உமிழ்ந்திருக்கலாம். ஐயம் புகுந்த இடத்தில் தண்டனை விலகும். சிறுநீர்க் குப்பி இக்காலத்தின் வாடை. உட்சென்றது என்பதற்கு அது சாட்சி. எப்போது, எந்நிலையில், எதற்காக என்பவற்றுக்குச் சாட்சியன்று. இந்த ஃபிக்ஹை மாணவர்க்கு ஓதிக் கொடுத்துவிட்டு, மாலையில் மேடையேறி மாலிகிகளையும் விஞ்சித் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

போதைக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருத வேண்டா. ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவ ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) 'ஸஹ்ருல் அரீஷ்' என்று தனி நூலே எழுதினார். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொரு சாராரும் உள்ளனர். பெயரில்லாத கணக்கால் என்ன பயன், பிடிபட்டவரையெல்லாம் கட்டாயமாகச் சோதித்து அம்பலப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கு இங்கிலாந்தை எடுத்துக்காட்டுவர். அங்கே 2005-இல் இயற்றப்பட்ட சட்டம், திருட்டு, வழிப்பறி போன்ற குற்றங்களுக்காகக் கைதாகும் 18 வயது நிரம்பியவரிடம், குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே, ஹெராயினுக்கும் கோக்கேனுக்குமான சோதனையைக் காவலர் நடத்த இடமளித்தது. தக்க காரணமின்றி மறுத்தால் அதுவே தனிக் குற்றம். மூன்று மாதம் வரை சிறை. போதை கண்டறியப்பட்டால் ஆலோசகரிடம் செல்ல வேண்டும். மருத்துவத்தின் வாசலுக்கு அழைத்துச் செல்வதே நோக்கம் என்பர். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் திருடியதாக ஐயுறப்படுபவனிடம் திருட்டைப் பற்றி விசாரிக்கலாம். அவன் உடலுக்குள் புகுந்து வேறொரு குற்றத்தைத் தேடும் உரிமை எங்கிருந்து வந்தது?

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிஞர்கள் எடுத்துரைக்கும் செய்தி ஒன்றுண்டு; இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் அதை எடுத்தாண்டுள்ளார்கள். இரவில் மதீனாவைச் சுற்றி வந்த கலீஃபா, ஒரு வீட்டிலிருந்து எழுந்த பாட்டொலி கேட்டுச் சுவரேறி உள்ளே குதித்தார்கள். அங்கே ஒருவன் மதுவோடு இருந்தான். கலீஃபா கடிந்தபோது அவன் சொன்ன மறுமொழி: நான் செய்த பாவம் ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாயில் வழி வராமல் சுவரேறினீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள். கலீஃபா அவனை விட்டுத் திரும்பினார்கள். சூரத்துல் ஹுஜுராத்தில் வந்துள்ள தடை ஆட்சியாளரையும் கட்டும் என்பதை ஒரு குடிகாரன் எடுத்துச் சொல்ல, அமீருல் முஃமினீன் ஏற்றுக்கொண்டார்கள். நம்மிடையே கட்டாயச் சோதனை கோருவோர், தாம் அந்தச் சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

காவலில் இருப்பவன் தரும் சம்மதம் மெய்யான சம்மதமாகுமா, அதிலும் இக்ராஹின் சாயல் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் மறுத்தவனுக்கு எந்தத் தீங்கும் இல்லை, இசைந்தவனின் பெயரும் எங்கும் இல்லை என்றால் அந்தச் சாயல் பெரிதும் வெளுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 1999-இல் தொடங்கி இருபதாண்டுகளுக்கும் மேலாக இவ்வழியில்தான் தன் கணக்கை நடத்தி வந்துள்ளது. எண்ணுவதற்குப் பெயர் தேவையில்லை. தண்டிப்பதற்கே பெயர் தேவை.

நாம் அமெரிக்க அரசின் மீது வைக்கும் குற்றச்சாட்டு நம் பேச்சாளர்கள் வைப்பதன்று. எண்ணத் தெரிந்த அரசு எண்ணுவதை நிறுத்தியது என்பதே அது. 2004-இன் தொடக்கத்தில் பணமில்லை என்று திட்டத்தை மூடினர். 2007-இல் வெள்ளை மாளிகையின் போதைத் தடுப்பு அலுவலகம் பத்து இடங்களில் மீண்டும் தொடங்கியது. 2012-இல் அது ஐந்தாகச் சுருங்கியது. 2013-ஆம் ஆண்டுக் கணக்கோடு அதுவும் நின்றது. அவர்களைக் கைது செய்யவும் அடைக்கவும் பணமிருந்தது. அவர்களை எது கொல்கிறது என்று அறியத்தான் பணமில்லை!

அந்த 2013-இல், பெரும்பாலும் ஃபென்டனில் அடங்கிய செயற்கை ஓபியாய்டுகளால் அந்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 3,100 பேர். 2021-இல் அத்தொகை 70,000-ஐத் தாண்டியது. கணக்கு தொடர்ந்திருந்தால் இவர்களெல்லாம் பிழைத்திருப்பர் என்று நாம் கூறவில்லை. பழைய பத்துப் பொருள்களின் பட்டியலில் ஃபென்டனில் இருக்கவுமில்லை. ஆனால் பட்டியலில் பதினொன்றாவதைச் சேர்ப்பது எளிது. குப்பிகள் கையில் இருந்திருக்க வேண்டும். 1986-இல் மன்ஹாட்டனில் முன்கூட்டித் தெரிந்தது போல் வேறொரு நகரத்தில் தெரிந்திருக்கக் கூடும்.

அடுத்த முறை அந்த எண்ணை மேடையில் சொல்லப் போகிறவர், ஐந்து ஊர்களில் கைதான ஆண்களிடம் மட்டும் எடுத்த கணக்கு அது என்பதையும், பெயர் கேட்காமல் எடுத்தது என்பதையும், 2013-க்குப் பின் அது எடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வாராக. அதற்கு நேரமில்லையெனில் அந்த எண்ணை விட்டுவிடலாம்.